கம்மாலையும் மோட்டார் வண்டியும்

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சில நாட்களின் முன்னர் வலிகாமத்துக் கிராமமொன்றிலே நாம் கண்ட காட்சியொன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கராச்சொன்றின் முற்றத்திலே, வேப்பமர நிழலில், ஒஸ்ரின் ஏ 40 பிக்கப் வண்டியொன்று சில்லுகள் கழற்றப்பட்டு மரக்குற்றிகளின் மேல் நின்றது. 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வண்டி அது. அதன் சொந்தக்காரர் வெங்காயச் செய்கையாளர்; தகப்பனார் வாங்கிய வண்டியை மீண்டும் தெருவில் ஓடவிட வேண்டுமென்று இரண்டு வருடங்களாகப் பணமும் பொழுதும் செலவிட்டு வருபவர். துருப்பிடித்த அடித்தகடு வெட்டி ஒட்டப்பட்டுவிட்டது. எஞ்சினும் இறக்கிப் பூட்டியாயிற்று. பின்புறத்து வில்லுத் தகடுகளுள் ஒன்று முறிந்திருந்தமையே எஞ்சிய குறை. எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட வண்டிக்கு அளவான தகடு கொழும்பிலும் அகப்படவில்லை. முடிவிலே மெக்கானிக் முறிந்த தகட்டைச் சாக்கிலே சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அயலிலுள்ள கம்மாலைக்குப் புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம்.

கம்மாலையிலே துருத்தியின் இடத்தை மின்சார ஊதுவிசிறி பிடித்துக்கொண்டிருந்தது. மற்றெல்லாம் எமது பாட்டன்மார் கண்டவையே: உலை, பட்டடை, சம்மட்டி, குறடு, சிரட்டைக்கரி. கொல்லர் பழைய லொறித் தகடொன்றைத் தெரிந்தெடுத்து, வெட்டிரும்பால் அகலத்தைக் குறைத்து, முறிந்த தகட்டின் வளைவோடு பலமுறை ஒப்பிட்டு வளைத்தார். பின்னர் அதனை உலையிலிட்டு, நிறம் பார்த்திருந்து, பதம் வந்ததும் கழித்த எஞ்சின் எண்ணெயிலே தோய்த்தார். தோய்த்தெடுத்த தகட்டை உடனே கொடுத்துவிடவில்லை. அரத்தால் ஓரிடத்தைத் தேய்த்து வெண்மையாக்கி, மீண்டும் இளஞ்சூட்டிலே காட்டினார். தேய்த்த இடத்திலே முதலில் வைக்கோலின் மஞ்சள் ஓடிற்று, பின் கபிலம், பின் ஊதா, ஈற்றில் நீலம். நீலம் படர்ந்ததும் எடுத்து ஆறவிட்டார். "நீலம் வராட்டி முறியும், நீலம் தாண்டினால் தூங்கிப் போகும்" என்றார்.

அவர் ஒரு வாக்கியத்திலே கூறியதை இன்றைய உலோகவியல் பல பக்கங்களிலே கூறுகிறது. வில்லுத் தகடு நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்குக்குச் சற்றுக் கூடிய கரி கலந்த உருக்கு. செஞ்சூட்டிலிருந்து திடீரெனக் குளிரவைத்தால் அது கண்ணாடிபோற் கடினமாகும். கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். இளஞ்சூட்டிலே மீண்டும் காட்டுகையில் கடினத்தின் ஒரு பகுதி தளர்ந்து மீள்தன்மை பிறக்கிறது. நீல நிறம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசைக் காட்டும் அடையாளம். வெப்பமானி இல்லாத காலத்திலே இரும்பின் மேற்பரப்பையே வெப்பமானியாகக் கொண்ட அறிவு இது. எழுத்திலே ஏறாத காரணத்தால் இதனை அறிவு என்று அழைக்க நாம் தயங்குகின்றோம்.

வேலை முடிந்து தேநீர் வந்தபொழுது கொல்லர் எம்மை நோக்கிச் சொன்னார்: "மாஸ்ரர், இரும்பு என்ர சொல்லைக் கேக்கும். ஆனால் என்ர பெடியன் இந்த உலைக்குக் கிட்ட வாறதை நான் விரும்பேல்லை."

அவருடைய மகன் எமது வகுப்பிலே படிப்பவன். ஆண்டின் தொடக்கத்தில் நிரப்பிக் கொடுக்கும் தகவற் படிவத்திலே 'தந்தையின் தொழில்' என்ற இடத்தை அவன் வெறுமையாக விட்டிருந்தான். மறதி என்றே அன்று எண்ணியிருந்தோம்.

பாரம்பரியத் தொழில்களைப் பேண வேண்டும் என்ற குரலை இன்று மேடைகளிலே அடிக்கடி கேட்கின்றோம். பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆர்வமும் வசதி படைத்தோரிடையே வளர்ந்துவருகின்றது. இவ்விரண்டும் நல்லனவே. ஆயினும், யாருடைய நன்மைக்காகப் பேணுவது, எத்தகைய நிலைமையிலே பேணுவது என்னும் வினாக்களை விடுத்து இவற்றைப் பேசுவதிற் பயனில்லை. இவ்வினாக்களுக்கு விடைகாண, கம்மாலைக்கும் மோட்டார் வண்டிக்குமுள்ள உறவை வரலாற்று அடிப்படையிலே நோக்குதல் வேண்டும். அவ்வுறவின் தொடக்கமும் முடிவும் ஒரே குடும்பத்தின் கதையிலே துலக்கமாகத் தெரியும் இடம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள சௌத் பென்ட் நகரமாகும்.

ஸ்ருடிபேக்கர் என்ற பெயரை இலங்கையிலே பழைய மோட்டார் வண்டிப் பிரியர் சிலரே அறிவர். அக்குடும்பத்தின் முன்னோர் 1736இல் ஜேர்மனியின் சோலிங்கன் பகுதியிலிருந்து பிலடெல்பியாவுக்குக் கப்பலேறியவர்கள். சோலிங்கன் வாளுக்கும் கத்திக்கும் நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்ற ஊர். குடியேறிய நாட்டிலும் அவர்கள் இரும்புத் தொழிலை விடவில்லை. அவர்களின் வழிவந்த ஜோன் கிளமென்ற் ஸ்ருடிபேக்கர் கொல்லராகவும் வண்டி செய்பவராகவும் பென்சில்வேனியாவிலும் பின்னர் ஒகையோவிலும் வாழ்ந்தார். அவருடைய ஆண்மக்கள் ஐவரும் உலையின் அருகே வளர்ந்தவர்கள். இரண்டாம் மகன் கிளமென்ற் சௌத் பென்டுக்கு வந்த புதிதிலே சிறிதுகாலம் பாடசாலையிற் கற்பித்தார் என்ற செய்தி ஆசிரியத் தொழில் புரியும் எமக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி தருவது. கொல்லன் மகன் ஆசிரியனாவதையும், ஆசிரியனாயிருந்தவன் மீண்டும் சம்மட்டி ஏந்துவதையும் அந்தச் சமுதாயம் வியப்பாகக் கொள்ளவில்லை.

1852ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மூத்தவரான ஹென்றியும் கிளமென்றும் சௌத் பென்டிலே கம்மாலையொன்றைத் திறந்தனர். கையிலிருந்த முதல் 68 டொலர். உடைமை இரண்டு உலைகள். குதிரைக்கு இலாடம் அடிப்பதும், கலப்பையைத் திருத்துவதும், இடைக்கிடை ஒரு வண்டி செய்வதுமாகவே தொழில் நடந்தது. அடுத்த ஆண்டு, மூன்றாம் சகோதரரான ஜோன் மோலர் பொன் தேடும் கூட்டத்தோடு கலிபோர்னியாவின் பிளசர்வில்லுக்குப் போனார். பொன் அகழ்வதைக் காட்டிலும் பொன் அகழ்வோருக்குத் தள்ளுவண்டி செய்து கொடுப்பது நிச்சயமான ஊதியம் என்பதைக் கண்டுகொண்ட அவர், ஐந்து ஆண்டுகளிலே ஏறத்தாழ 8,000 டொலர் சேமித்து 1858இல் ஊர் திரும்பினார். அப்பணமே கம்மாலையைத் தொழிற்சாலையாக்கிற்று. போரை மறுக்கும் சமயக் குழுவொன்றைச் சேர்ந்த ஹென்றி, இராணுவத்துக்கு வண்டி செய்வதில் மனம் ஒவ்வாது தமது பங்கை விற்று விலகினார். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே வடபுலப் படைக்கு வண்டிகள் தேவைப்பட்டன. ஸ்ருடிபேக்கர் நிறுவனம் அவற்றைச் செய்து பெருகிற்று. நூற்றாண்டு முடிவதற்குள் உலகத்திலேயே மிகப் பெரிய வண்டித் தொழிற்சாலை எனத் தன்னைக் கூறிக்கொள்ளுமளவுக்கு அது வளர்ந்தது.

இவ்வளர்ச்சியின் அடிப்படை என்ன? வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை போடும் தொழிலை எமது மூத்த தலைமுறையினர் கண்டிருப்பர். மரச்சில்லின் சுற்றளவிலும் சற்றுக் குறைவாகப் பட்டையை வளைத்து ஒட்டி, நெருப்பு வளையத்திலே பழுக்கக் காய்ச்சுவர். சூட்டினால் விரிந்த பட்டை சில்லிலே சுலபமாக ஏறும். உடனே நீர் ஊற்றுவர். பட்டை சுருங்கி, ஆரக்கால்களையும் வட்டையையும் குடத்தையும் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கும். ஆணியாலும் பசையாலும் கிட்டாத உறுதி அது. யாழ்ப்பாணத்துக் கொல்லனும் சௌத் பென்ட் கொல்லனும் ஒருவரையொருவர் அறியாமலே இந்தச் செய்முறையைக் கைக்கொண்டிருந்தனர். இதிலே இன்னுமொன்று கவனிக்கத் தக்கது. பிற்காலத்து லொறிகளினதும் பிக்கப் வண்டிகளினதும் அடிச்சட்டகத்தை இணைக்கும் தறையாணிகளுள் சூடாக ஏற்றப்படுவன, பழுக்கக் காய்ச்சிய நிலையிலே துளையில் ஏற்றி அடிக்கப்படுகின்றன. ஆறுகையிற் சுருங்கி இரு தகடுகளையும் இறுக்குகின்றன. சில்லுப் பட்டையும் தறையாணியும் ஒரே விதியின் இரு பயன்கள். மோட்டார் வண்டி வானத்திலிருந்து இறங்கிய புதுமையன்று. கம்மாலையிலே திரண்ட அறிவு எஞ்சினைச் சேர்த்துக்கொண்டதன் விளைவே அது.

ஸ்ருடிபேக்கர் 1902இல் மின்சார வண்டியையும் 1904இல் பெற்றோல் வண்டியையும் வெளியிட்டது. குதிரை வண்டி செய்வதை 1920இல் நிறுத்திக்கொண்டது. இதற்கிடையே உற்பத்தி முறையிலேயே பெரும் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. 1913இல் ஹென்றி போர்ட் தமது தொழிற்சாலையிலே நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தார். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக நடைபெற்ற அடிச்சட்டகப் பூட்டு வேலை, ஓராண்டுக்குள் 93 நிமிடங்களில் முடிவதாயிற்று. பொருள் மலிந்தது, அது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயின், இரும்பைப் பார்த்துப் பதமறிந்த தொழிலாளியின் இடத்தை, ஒரு திருகாணியை நாள் முழுவதும் முறுக்கும் தொழிலாளி பெற்றான். முழு வண்டியையும் அறிந்திருந்தவன் மறைந்தான். அறிவு கையை விட்டு நீங்கி வரைபட அறைக்கும் கணக்கு அறைக்கும் குடிபெயர்ந்தது.

பிக்கப் வண்டியின் பிறப்பும் இக்காலத்ததே. போர்டின் மலிவான வண்டியை வாங்கிய கமக்காரர், அதன் பின்பகுதியை அகற்றி, ஊர்க் கொல்லரையும் தச்சரையும் கொண்டு பெட்டியொன்றைப் பொருத்திச் சோளமும் பாற்குடமும் ஏற்றினர். கமக்காரரும் கொல்லரும் கண்ட இந்த உபாயத்தைத் தொழிற்சாலை கடைசியிலே தனதாக்கிக்கொண்டது. 1925இல் போர்ட் கொம்பனி பெட்டியோடு கூடிய பிக்கப்பை 281 டொலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. ஊர்க் கொல்லர் செய்த வேலை இவ்வாறு தொழிற்சாலைக்குள் போயிற்று. அவர்களுட் பலர் கம்மாலை வாசலிலே பெற்றோல் விற்றனர், மோட்டார் திருத்துவோராயினர், ஏனையோர் உலையை அணைத்தனர்.

ஸ்ருடிபேக்கரின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகவே கூறலாம். 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார நெருக்கடியிலே வருமானத்துக்கு மிஞ்சிய பங்குலாபம் வழங்கிய அந்நிறுவனம் 1933இல் முறிந்தது, பின்னர் மீண்டது. 1937இல் காரின் முகப்போடு அழகிய பிக்கப்பொன்றை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரிலே ஏறத்தாழ 2,00,000 இராணுவ லொறிகளைச் செய்தது. அவற்றுட் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்கு அனுப்பப்பட்டது. பாசிசப் படைகளைக் கலங்கவைத்த கத்யூஷா ஏவுகணைகளுட் பல இந்த லொறிகளின் முதுகிலிருந்தே பாய்ந்தன. 1949ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பிக்கப், தாழ்ந்த கூடும், கதவுக்கு உள்ளே மறைந்த ஏறுபடியுமாக அக்காலத்து ஏனைய வண்டிகளிலும் பார்க்கச் சீரான தோற்றமுடையது. அமெரிக்காவிலே இன்றும் ஆர்வத்தோடு தேடிப் புதுப்பிக்கப்படும் வண்டிகளுள் அதுவுமொன்று.

ஆனால், பெரிய கொம்பனிகளின் போட்டியும், பழைய ஆலையைப் புதுப்பிக்கத் தவறிய நிருவாகமும் சேர்ந்து முடிவை அணுகச் செய்தன. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் திகதி ஆலை மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 20ஆந் திகதி, நத்தார்ப் பண்டிகைக்கு ஐந்து நாட்களின் முன்னர், சௌத் பென்டிலே கடைசிக் கார் வரிசையை விட்டு இறங்கியது. கனடாவிலிருந்த கிளை ஆலை 1966 மார்ச் வரையிலேயே தாக்குப்பிடித்தது.

அதன் பின்னர் நடந்ததே எமது கவனத்துக்கு உரியது. தொழிலாளரின் ஓய்வூதிய நிதியிலே எல்லாருக்கும் கொடுக்கப் போதிய பணம் இல்லையென்பது தெரியவந்தது. ஓய்வுபெற்றிருந்தோரும் 60 வயதைக் கடந்து ஓய்வூதிய உரிமை பெற்றிருந்தோருமாக ஏறத்தாழ 3,600 பேருக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரான ஏறத்தாழ 4,000 பேருக்கு, அவர்களுக்கு உரியதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கே கொடுக்கப்பட்டது. இவர்கள் சராசரியாக இருபத்து மூன்று ஆண்டுகள் அந்த ஆலையிலே உழைத்தவர்கள். எஞ்சிய ஏறத்தாழ 2,900 பேருக்கு ஒன்றுமே இல்லை. 68 டொலரும் இரு உலைகளுமாகத் தொடங்கிய தொழில், நூற்றுப் பதினொரு ஆண்டுகளின் பின்னர் இந்தக் கணக்கோடு முடிந்தது.

தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கம் சௌத் பென்டின் கதையைத் தேசியப் பிரச்சினையாக்கியது. பத்தாண்டுக் கால விவாதத்தின் பின்னர், 1974 செப்டெம்பர் 2ஆந் திகதி, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று, ஊழியரின் ஓய்வூதியத்தைப் பாதுகாக்கும் சட்டம் கையொப்பமிடப்பட்டது. கொம்பனி முறிந்தாலும் ஓய்வூதியத்துக்கு வரையறைக்குட்பட்ட உத்தரவாதம் தரும் அரச நிறுவனமொன்று அச்சட்டத்தினாலே தோன்றியது. இன்று சௌத் பென்டிலே அரும்பொருட்காட்சியகமொன்று இருக்கின்றது. ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்ட இரவு நாடக அரங்குக்கு ஏறிச்சென்ற குதிரை வண்டியும் அங்கே இருக்கின்றது. அதனைப் பார்க்கச் செல்வோர் அந்த நான்காயிரம் பேரையும் நினைப்பார்களாயின் வரலாறு முழுமை பெறும்.

இனி, கம்மாலையின் கதைக்குத் திரும்புவோம். மோட்டார் வண்டி பெருகப் பெருக அமெரிக்கக் கொல்லுத் தொழில் அருகிற்று. 1969இல் அலெக்ஸ் பீலர் என்பவர் கொல்லுத் தொழிலைப் பற்றி நூலொன்று எழுதினார். 1973இல் ஜோர்ஜியா மாநிலத்திலே இருபத்தேழு கொல்லர் கூடிச் சங்கமொன்றை நிறுவினர். ஆயிரக்கணக்கானோர் இன்று அங்கு உலையருகே நின்று பயில்கின்றனர். பழைய பிக்கப்பின் வில்லை வளைக்கவும், கிடைக்காத கொளுக்கியை அடித்தெடுக்கவும், தறையாணியை ஏற்றவும் அறிந்தோர் மீண்டும் தோன்றியுள்ளனர். பெரும்பாலோருக்கு இது ஓய்வு நேரத் தொழில். ஆயினும், ஓய்வு நேரத்துக்காகவேனும் உலை மூட்டப்படுமிடத்து அறிவு அறுந்துபோவதில்லை.

அந்நாட்டிலே எம்மை மிகவும் கவர்ந்தவர் பிலிப் சிமன்ஸ் என்னும் கறுப்பினக் கொல்லர். 1912இற் பிறந்த அவர், தென் கரோலினாவின் சார்ள்ஸ்ரன் நகரிலே, அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பீற்றர் சிமன்ஸ் என்ற முதிய கொல்லரிடம் தொழில் பயின்றார். அந்நகரத்து மாளிகைகளை அழகுசெய்யும் இரும்பு வேலைப்பாடுகளுட் பல பெயரறியாத அடிமைக் கொல்லரின் கைவண்ணம். இலாடமும் வண்டிச் சில்லும் செய்யக் கற்ற பிலிப் சிமன்சின் பிழைப்பை மோட்டார் வண்டி பறித்தபொழுது அவர் உலையை அணைக்கவில்லை; வாயிற் கதவுகளும் கிராதிகளும் செய்யத் தலைப்பட்டார். பாம்பும் மீனும் கொக்கும் அவருடைய இரும்பிலே உயிர்பெற்றன. 1982இலே மரபுக் கலைஞருக்குரிய தேசிய விருதை அமெரிக்க அரசு அவருக்கு வழங்கியது. 2009இல் அவர் காலமாகும்போது அவருடைய சம்மட்டியை ஏந்தக் கூடியவர்கள் பயிற்றப்பட்டிருந்தனர். அடிமைத்தளையோடு பிணைந்திருந்த தொழிலொன்று, தளை நீங்கிய பின்னர், கலைஞனின் பெயரோடு நிலைத்தது. எமது நாட்டுக்கு இதிலே படிப்பினை உண்டு.

எமது தீவின் இரும்பு வரலாறு மிகப் பழையது. சமனலவெவப் பிரதேசத்துக் குன்றுகளின் மேற்குச் சரிவுகளிலே தென்மேல் பருவக்காற்றைக் கொண்டே உருக்கு எடுத்த உலைகள் இருந்தமையை ஜில் ஜூலெவ் என்னும் அகழ்வாய்வாளர் 1996இல் உலகறியச் செய்தார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11ஆம் நூற்றாண்டு வரையிலான அவ்வுலைகளிலே துருத்திக்கு வேலையில்லை, காற்றே துருத்தி. அதே மாதிரி உலையைக் கட்டிப் பரிசோதித்தபொழுது நல்ல உருக்குக் கிடைத்தது. ஆயினும், பிரித்தானியர் காலத்திலே மலிவான இறக்குமதி இரும்பு வந்து குவிய, இரும்புருக்கும் தொழில் நசிந்தது. 1903இலே இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக வந்த ஆனந்த குமாரசுவாமி, அருகிக்கொண்டிருந்த அத்தொழிலைக் கண்டு பதிவுசெய்தார். 1908இல் வெளியான தமது நூலிலே கைவினைஞரின் வீழ்ச்சியைக் கவலையோடு எழுதினார். குமாரசுவாமியின் பதிவு இன்றும் பெறுமதி வாய்ந்தது. பழைய சமுதாயத்தைப் பொற்காலமாகக் காணும் அவருடைய நோக்கோடு மட்டும் எம்மால் உடன்பட முடியாது. அந்தப் பொற்காலத்திலே கைவினைஞனுக்குத் தொழிலைத் தெரிந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை.

உருக்குதல் அழிந்த பின்னரும் அடித்தல் அழியவில்லை. மண்வெட்டியும் கத்தியும் சில்லுப் பட்டையும் கம்மாலையிலேயே பிறந்தன. மோட்டார் வண்டி வந்தபொழுது அதனுடைய பழைய வில்லுத் தகடு கொல்லருக்குக் கிடைத்த புதையலாயிற்று. எமது வீடுகளிலே தேங்காய் உரிக்கும் அலவாங்கும் மீன் வெட்டும் கத்தியும் எத்தனையோ லொறிகளின் உடலிலிருந்து பிறந்தவை. 1970க்கும் 1977க்கும் இடையிலே இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபொழுது, வெளிநாட்டு உதிரிப்பாகம் இன்றி வண்டிகளை ஓடச்செய்தவர்கள் மெக்கானிக்கும் கடைச்சற்காரரும் கொல்லருமே.

1990இலே தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலம் எமது பிள்ளைப் பருவத்தோடு கலந்தது. பெற்றோலும் டீசலும் வடக்கே வருவது தடுக்கப்பட்டது. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் சிறிதளவு பெற்றோலிலே மூச்செடுத்து மண்ணெண்ணெயிலே ஓடின. புதிய வண்டிகள் படுத்துக்கொள்ள, கிழட்டு வண்டிகளே நோயாளரையும் பிரசவத்துக்குரிய பெண்களையும் ஆசுபத்திரிக்குச் சுமந்தன. அந்த வெண்புகையின் மணம் இன்றும் எம் நாசியிலே நிற்கின்றது. அன்று எந்தக் கம்மாலையும் மரபைப் பேணுவதாக எண்ணி உலை மூட்டவில்லை. ஊர் உயிரோடிருப்பதற்காக மூட்டியது. 2002இலே கண்டி வீதி திறக்கப்பட்டு மலிவான பொருள்கள் லொறி லொறியாக வந்திறங்கியதும், ஆபத்திலே உதவிய கம்மாலையை நாம் மறந்தோம். பின்னர், அந்நியச் செலாவணி முடையினால் 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்குத் தடை 2025 வரை நீடித்தது. அவ்வாண்டுகளில் மீண்டும் பழைய வண்டிகளைத் தேடினோம். மீண்டும் கம்மாலையின் வாசலுக்குப் போனோம்.

இவ்வாறு போய்வந்த நாம் அக்கொல்லருக்கு என்ன கொடுத்தோம்? கூலி கொடுத்தோம், அதுவும் பேரம் பேசிக் கொடுத்தோம். அவர் அடித்த கத்தியை வீட்டினுள்ளே வைத்துக்கொண்டு அவரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திய வழக்கம் முற்றாக ஒழிந்துவிட்டதென்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்ல முடியுமா? தொழிலைச் சாதியோடு பிணைத்து, சாதியை இழிவோடு பிணைத்து வைத்திருக்கும் சமுதாயத்திலே, மகன் உலைக்குக் கிட்ட வரக்கூடாது என்று கூறும் தந்தை மரபின் பகைவர் ஆகார். தம் பிள்ளையின் மானத்தை அவர் காக்கின்றார். சௌத் பென்ட் ஆசிரியர் மீண்டும் சம்மட்டி எடுத்தபொழுது இழப்பதற்கு அவருக்கு மானம் சார்ந்த எதுவும் இருக்கவில்லை. எமது மாணவனின் நிலை அதுவன்று. அவன் விரும்பிக் கொல்லுத் தொழிலை ஏற்றாலும், பிறப்பினாலே ஏற்றான் என்றே ஊர் கூறும்.

ஆதலின், கம்மாலையைப் பேணுவது என்பது அதனைப் பிறப்பிலிருந்து விடுவிப்பதிலேயே தொடங்குதல் வேண்டும். எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் கற்கத்தக்க தொழிலாகத் தொழில்நுட்பக் கல்லூரிகளிலே அது இடம்பெற வேண்டும். கற்பிப்பவராக, சான்றிதழ் இல்லாத காரணத்தாலே ஒதுக்கப்படாமல், கொல்லரே உரிய வேதனத்தோடு அமர்த்தப்பட வேண்டும். நோயும் முதுமையும் வரும்போது அவருக்கு ஆதாரம் இருக்க வேண்டும். ஸ்ருடிபேக்கர்த் தொழிலாளரின் கதை காட்டும் பாடம் அதுவே. தன் வண்டியைப் புதுப்பிப்பதற்கு இலட்சக்கணக்கிற் செலவிடுபவர், வில்லை வளைத்துக் கொடுத்தவரின் கூலியிலே மிச்சம் பிடிப்பாராயின் அவர் பேணுவது வண்டியை மட்டுமே.

நாம் செய்யக்கூடியதாயிருந்தது சிறிது. எமது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரோடு கலந்து பேசி, இந்த ஆண்டு முதலாந் தவணையிலே முப்பது மாணவரை அந்தக் கம்மாலைக்கு அழைத்துச் சென்றோம். ஆய்வுகூடத்திலே உலோகக் குண்டையும் வளையத்தையும் கொண்டு படித்த வெப்ப விரிவை அவர்கள் உலையிலே கண்டனர். கொல்லர் தகடொன்றைத் தேய்த்து நிறங்கள் ஓடுவதைக் காட்டியபொழுது ஒருவரும் பேசவில்லை. ஏன் நீலத்திலே நிறுத்த வேண்டும் என்று மாணவி ஒருத்தி வினவினாள். கொல்லர் விடை கூறத் தொடங்கிச் சொல் அகப்படாது தடுமாறியபொழுது, பின்வரிசையிலே நின்ற அவருடைய மகன் முன்னே வந்து விளக்கினான். உலைக்குக் கிட்ட வரக்கூடாதென்று தடுக்கப்பட்டவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கின்றான்.

அவன் கொல்லனாக வேண்டுமென்று நாம் விரும்பவில்லை, ஆகக்கூடாதென்றும் விரும்பவில்லை. பொறியியலாளனாகவோ ஆசிரியனாகவோ கொல்லனாகவோ அவன் தன் விருப்பத்தின்படி வரட்டும். அடுத்த ஆண்டுப் படிவத்திலே தந்தையின் தொழிலை அவன் கைநடுங்காமல் எழுதக்கூடிய ஊரை ஆக்கித் தருவது எமது கடன். ஒஸ்ரின் வண்டி இப்பொழுது வெங்காய மூட்டைகளோடு சந்தைக்குப் போய்வருகின்றது. புதிய தகடு பாரத்தைத் தாங்குகின்றது.